ஆறு அங்குலம்

மேடையில் போன முகூர்த்தத்தின் தெர்மகோல் எழுத்துகள்
இன்னும் உதிரவில்லை:
சிதம்பரம், தேனம்மை.
அவர்கள் பெயருக்குக் கீழே
ஒன்பது மேசைகள், ஒன்பது கோள்கள்.
காரைக்குடியில் முகூர்த்தம் இல்லாத சனி ஞாயிறு,
தலைக்கு அறுநூறு, சாப்பாடு உட்பட.

மூன்றாம் மேசை செவ்வாய்.
மண் கானாடுகாத்தானிலிருந்து.
சாத்தப்பன் சலித்து, ஃபெவிகாலில் குழைத்துப் பூசியிருந்தான்.
இடிந்த நகரத்துக்கு ஆத்தங்குடிக் கல்லின் உடைசல்.
பூப்போட்ட சுவரோடு ஒரு விண்வெளி நிலையம்
வேறெந்த ஊர் ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

நான் திருச்சியில் பல் செய்கிறவன்.
பகலில் கடைவாய்ப் பற்கள்.
இரவில் அதே பிசினில் காலாட்படை.
இந்த முறை ஒரு தளபதி,
கட்டைவிரல் உயரம், நாற்பது இரவு.
தோள்கவசத்துக்குத் தங்கச்சியின் நகப்பூச்சு.
கண்பாவைக்கு ஒற்றை மயிர்த் தூரிகை,
மூச்சை நிறுத்திக்கொண்டு.

எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு:
புதுச்சாயம் முதல் சுற்றிலேயே சாகும்.

எதிரே உமையாள், தேவகோட்டை.
நீலப் படை, ஒரு பிசிறில்லை.
ஒருவன் மட்டும் வெறும் சாம்பல்.
'இவனுக்கு ஏன் பூசல?'
'எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லல அவன்.'

டேப்பை இழுத்தாள், அளந்தாள், சுட்டாள்.
ஒன்று தவிர எது விழுந்தாலும்
என் தளபதி பிழைப்பான்.
ஒன்று.

அவள் சிரிக்கவில்லை.
இரண்டு விரலால் அவனை எடுத்து
கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.
'கண்ணு நல்லா வந்திருக்கு.'
பிறகு மேசைக்கு வெளியே மல்லாக்கக் கிடத்தினாள்.

பந்தியிலும் போர் ஓயவில்லை.
சுவருக்குப் பின்னால் நிற்பவனின்
தலைக்கவசம் மட்டும் தெரிந்தால்
ஆள் தெரிந்ததாகுமா, ஆகாதா?
இக்பாலும் ஜெரால்டும் வெள்ளைப் பணியாரத்தை ஆறவிட்டார்கள்.
காரச்சட்னி ஊற்றிக்கொண்டே பாண்டிச்செல்வி சொன்னாள்:
'வேலிக்கு மேல கொண்டை தெரிஞ்சாலே
போறது நான்னு பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.'
தீர்ப்பாக எழுதி ஒட்டினோம்.

ஞாயிறு, நான்காம் சுற்று, மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் சமையல்கட்டுக்கு மட்டுமாம்.
ஒன்பது கோள்களிலும் கைப்பேசி வெளிச்சம்.
கட்டைவிரல் ஆட்களின் நிழல்கள்
மண்டபக் கூரைவரை எழுந்து
ஒன்றையொன்று தாண்டின.
சாம்பல்காரன் பாலத்தில் நின்றான்.
ஒன்பது முறை சுட்டேன்.
நின்றான்.

அந்த இருட்டில்தான் கணக்குப் போட்டேன்.
மேசையின் அகலம் நாலு அடி.
ஒரு ஆள் ஒரு சுற்றுக்கு நடக்கலாம், ஆறு அங்குலம்.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எட்டுச் சுற்று.
ஆட்டமோ ஐந்தோடு முடிகிறது.
விதிகளை எழுதியவர் யாரோ,
யாரிடமோ போய்ச் சேராதவர்.

மின்சாரம் வந்தபோது
உமையாள் மேசையைப் பார்க்காமல் நிமிர்ந்திருந்தாள்.
எதைப் பார்த்தாளென்று தெரியவில்லை.
பகடையை என் பக்கம் தள்ளினாள்.

இரண்டு புள்ளியில் தோற்றேன்.

ஐந்து மணிக்கு வாழைமரங்கள் வந்துவிட்டன.
ஏணி போட்டுத் தேனம்மையை எழுத்தெழுத்தாகப் பிய்த்தார்கள்.
செவ்வாயை இருவர் பலகையோடு தூக்க
வாசலெங்கும் சிவப்பாய்க் கொட்டிக்கொண்டே போனது.
அவரவர் படையை அவரவர் பஞ்சுக் குழிகளில் அடுக்கினோம்.
'வர்றேன்' என்றாள். 'சரி' என்றேன்.
வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திருச்சி பஸ்.
சட்டைப்பையில் டேப் அப்படியே இருந்தது.
இழுத்தேன்.
முன்சீட்டு வரை பதினெட்டு: மூன்று சுற்று.
ஜன்னல் வரை ஒன்பது: ஒன்றரை.
திருமயம் தாண்டிக் கண்டக்டர் நின்று பார்த்தார்.
'என்ன சார், சீட்டு சின்னதா இருக்கா?'

ஆமாம் என்றேன்.
பிடி தவறி டேப் தானே சுருண்டு உள்ளே ஓடியது,
விரலில் சுளீரென்று ஒரு கோடு.